ஜோபர்க்கில் 141, டர்பனில் 120: என் கோல்ஃபின் 21 கிலோவாட் எங்கே போச்சு?

பச்சைகோல்ஃப் (சாட்ஸ்வொர்த், டர்பன்):

எல்லாருக்கும் வணக்கம். கையில ரெண்டு டைனோ (சக்கரத்தை உருளை மேல ஓட விட்டு பவர் அளக்கிற மெஷின்) காகிதம் இருக்கு. ரெண்டும் ஒரே வண்டிக்குன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதான் இங்க கேக்கறேன்.

வண்டி 2002 கோல்ஃப் 4 ஜிடிஐ, 1.8 டர்போ, 110 கிலோவாட் மாடல். ஓடினது 2,14,000 கிலோமீட்டர். எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் ஈசியூவுக்கு (இன்ஜினை ஆள்ற கம்ப்யூட்டர்) சிப் போட்டு, எக்ஸாஸ்டையும் பெரிசாக்கியிருக்கார். டர்போ கம்பெனியிலேருந்து வந்த அதே கே03 மாடல்தான். நான் வாங்கி நாலு வருஷம் ஆச்சு. எண்ணெயும் பிரேக் பேடும் மாத்தினதைத் தவிர எதுலயும் கை வைக்கல.

ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியாவுல இருந்தப்போ நவம்பர்ல டைனோவுல ஏத்தினேன். சக்கரத்துல 141 கிலோவாட், டார்க் 312 நியூட்டன் மீட்டர். பூஸ்ட் கேஜ் (டர்போ கூடுதலா தள்ளுற காத்தழுத்தத்தைக் காட்டற மானி) முள் சரியா 1.0 பார்ல போய் நின்னுச்சு. அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில போட்டு கபிஹோல்லயே (டாஷ்போர்டுப் பெட்டி) வச்சிருக்கேன். ரோபாட் (சிக்னல் விளக்கு) சிவப்பா இருக்கும்போது எடுத்துப் பார்த்துக்குவேன், சிரிக்காதீங்க.

ஜனவரியில அம்மாவுக்கு முடியாமப் போச்சு, மூட்டை கட்டிட்டு டர்பன் வந்துட்டேன். வான் ரீனன் கணவாய் இறங்கும்போதே மனசுல கணக்கு: கடற்கரைக் காத்து கனமானது, இனிமே வண்டி பறக்கும். போன சனிக்கிழமை இங்க ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) ஏத்தினேன். வரிசையா மூணு ரன்: 120, 117, 113. டார்க் 262. கேஜ் 0.82க்கு மேல போகவே மாட்டேங்குது.

டைனோ வச்சிருக்கிறவர் காகிதத்தைப் பார்த்துட்டு, "டர்போ களைச்சுப் போச்சு, ஒரு பிளீட் வால்வு போட்டு 1.2க்கு ஏத்திடலாம், போனது எல்லாம் திரும்பி வந்துடும்"னார். அங்கேயே போட்டுத் தரேன்னும் சொன்னார். நான் யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

டர்போ நிஜமாவே போயிடுச்சா? 1.2 வச்சா தாங்குமா?

டோங்காட்_பையன்:

1.3 வைங்க அண்ணா. என் மச்சான் வண்டி ரெண்டு வருஷமா 1.3ல ஓடுது, ஒண்ணும் ஆகல.

லெனேசியாக்காரி:

அண்ணா, உங்கள் நவம்பர் காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஏதாவது எண் இருக்கிறதா, 1.2 என்று தொடங்குவது போல? அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது பேச வேண்டும்.

காரணம் இதுதான். ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 83 கிலோபாஸ்கல்; டர்பனில் சுமார் 101. டர்போ இல்லாத வண்டி அங்கே இயல்பாகவே சோர்ந்துதான் ஓடும். எங்கே ஓட்டினாலும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, டைனோ மென்பொருள் அளந்த எண்ணை ஒரு காரணியால் பெருக்கிக் காட்டும். எஸ்ஏஇ ஜே1349 என்ற தரநிலை என்றால் 99 கிலோபாஸ்கல், 25 டிகிரிக்கு மாற்றிக் காட்டும். வளிமண்டலத்தை நேரடியாகச் சுவாசிக்கும் இன்ஜினுக்கு அது நியாயம். உங்கள் ஈசியூவோ அங்கே காற்று மெலிந்திருப்பதைப் பார்த்து டர்போவைக் கூடுதலாகச் சுழற்றி, குறைந்த காற்றை ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டது. அதற்கு மேல் மென்பொருளும் ஒருமுறை ஈடுகட்டினால் ஒரே கடனை இரண்டு முறை வசூலித்த கதைதான்.

கேஜுக்கும் இதே விளக்கம். உங்கள் முள் காட்டுவது வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். ஈசியூ பார்ப்பது மொத்த அழுத்தத்தை. ஜோபர்க்கில் 0.83 உடன் 1.0 சேர்ந்தால் 1.83 பார். டர்பனில் 1.01 உடன் 0.82 சேர்ந்தால் அதே 1.83. உங்கள் டர்போ களைக்கவில்லை அண்ணா, சொன்ன இடத்தில் அப்படியே நிற்கிறது.

பச்சைகோல்ஃப்:

இப்பத்தான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அடியில 1.22ன்னு இருக்கு. நாலு மாசமா அந்தக் காகிதத்தோட வாழறேன், அது கண்ணுலயே படல.

141ஐ 1.22ஆல வகுத்தா 115.6 வருது. டர்பன் காகிதத்துல காரணி 1.01. அப்ப அங்க 115.6, இங்க கிட்டத்தட்ட 119. நான் எதையும் தொலைக்கல, மூணு கிலோவாட் சம்பாதிச்சிருக்கேன்! ஆனா ஏமாந்த மாதிரியும் இருக்கு.

கிரீஸ்கை:

தம்பி, எங்க ஊர்ல ஜோபர்க்காரனை வாலின்னு கூப்பிடுவோம், தெரியுமில்ல? ராமாயணத்து வாலிக்கு எதிர்ல நிக்கிறவன் பலத்துல பாதி தானா வந்து சேரும். உன் நவம்பர் காகிதத்துக்கும் அதே வரம் கிடைச்சிருக்கு. லெனேசியாத் தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி, அதை நான் திருப்பிச் சொல்லப் போறதில்ல.

ஆனா நீ 141க்கும் 120க்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிஜமான சேதியை விட்டுட்டே. 120, 117, 113. இந்த மூணு எண்ணைப் பாரு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஏழு கிலோவாட் கீழ வந்திருக்கு. உன் வண்டியில இன்டர்கூலர் (டர்போவுலேருந்து வர்ற சூடான காத்தை ஆத்தற பெட்டி) பம்பருக்குப் பின்னால ஒரு ஓரமா, சக்கர வளைவுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. டைனோ ஃபேன் ரேடியேட்டருக்கு அடிக்கும், அதுக்குச் சரியா அடிக்காது. சூடு ஏறுது, ஈசியூ நாக் (பெட்ரோல் சிலிண்டருக்குள்ள தானா வெடிக்கிற தட்டல்) கேட்டு, பொறி விழற டைமிங்கைப் பின்னால இழுக்குது, பவர் விழுது. கொஞ்சம் விழறது சகஜம். ஏழு விழுந்தா வேற ஏதோ இருக்கு. இந்த நிலைமையில பூஸ்டை ஏத்தறது காய்ச்சல்காரனை ஓடச் சொல்ற மாதிரி.

பிளீட் வால்வு கதை ஒண்ணு சொல்றேன். எங்க அண்ணன்கிட்ட 1991 யூனோ டர்போ இருந்துச்சு. அப்ப பிளீட் வால்வு வாங்கக் காசு எங்க? மீன் தொட்டிக்குக் காத்து விடற சின்ன வால்வு இருக்கே, அதை வேஸ்ட்கேட் (திறந்து பூஸ்டை அடக்கற டர்போக் கதவு) ஓஸ்ல செருகிட்டோம். வேஸ்ட்கேட்டுக்குப் போற காத்துல கொஞ்சம் வெளிய கசிய விட்டா அது "பூஸ்ட் இன்னும் வரலையே"ன்னு மூடியே கிடக்கும். முள் எவ்வளவு வேணா ஏறும். மூணு வாரம் நாங்கதான் ராஜா. பிப்ரவரி மாசத்து ஒரு ராத்திரி, புழுக்கம்னா அப்படி ஒரு புழுக்கம், ஹிக்கின்சன் ஹைவேயில நாலாவது கியர்ல அழுத்தினான். டப்புன்னுகூட கேக்கல. பின்னால கண்ணாடியில நீலப் புகை, அவ்வளவுதான். வீட்டுல வந்து பிளக் கழட்டினோம். மூணாவது பிளக்கோட வெள்ளைப் பீங்கான் மேல வெள்ளிப் பொடி தூவின மாதிரி மினுமினுன்னு புள்ளிகள். அண்ணன் விரலால தேச்சுப் பார்த்து, "இது என்னடா?"ன்னான். பிஸ்டன். பிஸ்டனோட அலுமினியம்தான் நாக்ல உருகித் தெறிச்சு அங்க ஒட்டியிருந்துச்சு. ரிங் உட்கார்ற வரம்பு உடைஞ்சிருந்துச்சு. அன்னையிலேருந்து எந்த வண்டியா இருந்தாலும் பூஸ்டைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி பிளக்கைத்தான் பார்ப்பேன்.

உன் வண்டியில அந்த விளையாட்டு பாதிதான் நடக்கும். ஈசியூ கேட்ட அழுத்தத்தை விட அதிகம் வந்துட்டா பி1557 கோடு போட்டு வண்டியை நொண்ட விட்டுடும். அது நல்லதுக்குத்தான். அதையும் ஏமாத்தறதுக்கு ஆளுங்க இருக்காங்க, அவங்க பக்கம் போகாதே.

இப்ப நீ செய்ய வேண்டியது. பிளக் நாலையும் கழட்டிப் போட்டோ போடு. கம்ப்ரஷன் பாரு. அப்புறம் லீக் டெஸ்ட்: டர்போவுக்குக் காத்து போற ரப்பர் ஓஸைக் கழட்டிட்டு அந்த வாயில பிளம்பர் கடையில கிடைக்கிற பிவிசி மூடி ஒண்ணைப் போட்டு, அதுல ஓட்டை போட்டு டயர் வால்வை மாட்டி, கம்ப்ரஸர்லேருந்து 1 பார் விடு. பிரீதர் ஓஸை (கிராங்க்கேஸ் ஆவி போற குழாய்) அடைச்சுக்க மறந்துடாதே, இல்லன்னா காத்து கிராங்க்கேஸுக்குள்ள புகுந்து ஆயில் சீலைத் தள்ளிடும். சோப்புத் தண்ணி தெளிச்சா எங்க நுரைக்குதோ அங்க ஓட்டை. இந்த வயசு 1.8 டர்போவுல இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில போற பிரீதர் ஓஸ் எல்லாம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். டைவர்ட்டர் வால்வுக்குள்ள (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிச்ச பூஸ்டைத் திருப்பி விடறது) இருக்கிற ரப்பர் கிழியும். அது கிழிஞ்சா வெளிய சோப்பு நுரைக்காது, தனியா கழட்டி, குச்சியை அழுத்தி, சின்னக் குழாய் வாயை விரலால மூடிப் பாரு. குச்சியை விட்டதும் அது மேல எழும்பாம நிக்கணும்.

அப்புறம் லாக் (ஓடும்போது ஈசியூ எண்களைப் பதிவு பண்றது). லேப்டாப்பை மாட்டி ஈசியூவோட 115ஆம் குரூப்ல கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட். 020ஆம் குரூப்ல நாலு சிலிண்டருக்கும் எத்தனை டிகிரி பின்னால இழுக்குதுன்னு. மூணாவது கியர், 2,000லேருந்து 6,500 ஆர்பிஎம் வரைக்கும் ஒரே மிதி. என்2 ரோட்ல வேண்டாம் தம்பி, டைனோவுலயே வாடகைக்கு அரை மணி கேளு. மூணு நாலு டிகிரி இழுத்தா பரவாயில்ல. ஆறைத் தாண்டினா பூஸ்ட் பேச்சே கிடையாது.

இன்னும் சில கேள்வி. எந்தப் பெட்ரோல் போடறே? பிளக் எந்த நம்பர், இடைவெளி எவ்வளவு? டர்போவுக்கு எண்ணெய் போற பைப் எப்பவாவது மாத்தினதா? டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் எப்ப மாத்தினது? அந்தப் பம்ப்புல பிளாஸ்டிக் விசிறி வந்த காலம் அது.

பச்சைகோல்ஃப்:

அண்ணா, படிச்சு முடிச்சதும் பூஸ்ட் ஆசை பாதி போயிடுச்சு. பதில் சொல்றேன்.

பெட்ரோல்: ஜோபர்க்ல எப்பவும் 93 ஆக்டேன்தான் போட்டேன். மாசத்து முதல் புதன்கிழமை விலை ஏறப் போகுதுன்னா செவ்வாய் ராத்திரி க்யூவுல நிக்கிற கோஷ்டி நான், 95 வாங்க மனசு வராது. உயரமான ஊர்ல 93 போதும்னு அப்பா காலத்துலேருந்து கேட்ட பேச்சு. இங்க வந்தப்புறம் 95.

பிளக்: பழையவர் போட்டதே. கழட்டினேன், இடைவெளி 1.1 மில்லிமீட்டர். வெள்ளிப் புள்ளி இல்ல (டார்ச் அடிச்சு மூணு தடவை பார்த்தேன்). ஆனா மூணாவது பிளக்ல அடியில எண்ணெய் பழுப்பு. கம்ப்ரஷன் 11.5, 11, 11, 11.5 பார்.

எண்ணெய் பைப்: மாத்தினதா தெரியல.

லாக் எடுத்தேன். 020ல ஒண்ணு 4.5, ரெண்டு 5.2, மூணு 7.5, நாலு 5.2.

கிரீஸ்கை:

கம்ப்ரஷன் நல்லா இருக்கு, இன்ஜின் உயிரோட இருக்கு. மூணாவது சிலிண்டர் 7.5, அதே பிளக்ல எண்ணெய். காத்தோட எண்ணெய் கலந்து வந்தா பெட்ரோலோட ஆக்டேன் இறங்கின மாதிரிதான், நாக் சீக்கிரம் வரும். இன்டர்கூலர் ஓஸைக் கழட்டிப் பாரு, பாத்திரம் ஒண்ணு கீழ வச்சுக்கோ.

93 விஷயம்: உங்க அப்பா சொன்னது டர்போ இல்லாத வண்டிக்குச் சரி. மெலிஞ்ச காத்து, சிலிண்டருக்குள்ள அழுத்தம் குறைவு, 93 தாங்கும். உன் வண்டி அங்கேயும் 1.83 பாரைத்தான் உள்ள தள்ளிச்சு. இன்ஜினைப் பொறுத்தவரைக்கும் அது லெனேசியாவுல ஓடவே இல்ல, பீச்சோரமாத்தான் ஓடிச்சு. டர்போதான் பாவம், மலை ஏறிச்சு: அங்க வெளிக்காத்தை 2.2 மடங்கு அழுத்தணும், இங்க 1.8 மடங்கு போதும்.

பிளக்கை என்ஜிகே பிகேஆர்7இ போட்டு 0.7க்கு இடைவெளி வை. 1.1 வச்சா அழுத்தத்துல பொறி அணையும்.

பச்சைகோல்ஃப்:

ஓஸைக் கழட்டினேன். பாத்திரம் வச்சுக்கோன்னு நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. அரை டீ கிளாஸ் எண்ணெய், கரும்புப் பாகு மாதிரி கெட்டியா வடிஞ்சுது. வெளிப்பக்கம் சக்கர வளைவு லைனரைக் கழட்டினா இன்டர்கூலர் இடுக்கெல்லாம் காஞ்ச இலை, மண், ஒரு சிப்ஸ் பாக்கெட் துண்டு. காத்து போறதுக்கு வழியே இல்ல. அம்மா வராண்டாவுலேருந்து பார்த்துட்டு, "வாக்குவம் கிளீனர் வேணுமாப்பா?"ன்னாங்க.

லீக் டெஸ்ட்ல பிரீதர் ஓஸ் அடிப்பக்கம் கையில எடுத்ததும் ரெண்டாச்சு. டைவர்ட்டர் வால்வு ரப்பர் நகக்கண் அளவுக்குக் கிழிஞ்சிருக்கு. ரெண்டும் ஆர்டர் போட்டாச்சு.

கேள்வி: இதெல்லாம் சரி பண்ணினப்புறம் 1.2 கேக்கலாமா?

கிரீஸ்கை:

கேக்கலாம், ஆனா கிடைக்கிறது என்னன்னு தெரிஞ்சு கேளு. கே03 சின்ன டர்போ. 3,000 ஆர்பிஎம்ல சீக்கிரமா மூச்சை நிரப்பும், 5,500க்கு மேல அதுக்கு மூச்சு கிடையாது. அங்க பூஸ்டை ஏத்தினா வர்றது காத்து இல்ல, சூடு. அப்ப 1.2 எங்க வேலை செய்யும்? 3,000ல. அங்கதான் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோட இணைக்கிற கம்பி) பயம். இந்த இன்ஜினோட ராட் ஒல்லி. அதை வளைக்கிறது அதிக ஆர்பிஎம் இல்ல, கீழ் ஆர்பிஎம்ல திடீர்னு வர்ற டார்க். கிராங்க்ல 350 நியூட்டன் மீட்டர்னு நான் கோடு போட்டு வச்சிருக்கேன். சக்கரத்துல 262ன்னா நீ கிராங்க்ல 300 பக்கம் இருக்கே.

அதனால பிளீட் வால்வுத் திருகாணியால வேண்டாம், ஈசியூ ஃபைல்ல ஏத்து. ட்யூனர்கிட்ட இதைச் சொல்லு: 3,000ல பூஸ்ட் துள்ளக் கூடாது, 3,500லேருந்து 5,000 வரைக்கும் மட்டும் 0.05, 0.05ஆ ஏத்தணும். ஒவ்வொரு தடவையும் 020 பார்க்கணும், கேட்டலிஸ்ட்டுக்கு முன்னாடி வைட்பேண்ட் சென்ஸர் மாட்டி லாம்டா (காத்து-பெட்ரோல் கலவை அளவு) 0.82லேருந்து 0.85க்குள்ள நிக்குதான்னு பார்க்கணும். டெயில் பைப்ல குழாய் விட்டுப் பார்க்கிறதை நம்பாதே. ரெண்டு ரன்னுக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் ஆற விடு, இன்னொரு ஃபேன் கேட்டு வாங்கி அந்தச் சக்கரப் பக்கம் வை. எந்தச் சிலிண்டராவது 5 டிகிரியைத் தொட்டா ஒரு படி கீழ இறங்கி அங்கேயே நிறுத்து. டார்க் சக்கரத்துல 290 தாண்டினாலும் நிறுத்து.

டோங்காட்_பையன்:

மச்சான் வண்டிக்கும் 020 பார்த்தோம். 12ன்னு காட்டுது. அது நல்ல நம்பரா?

கிரீஸ்கை:

சாவியைப் பிடுங்கி உன் பாக்கெட்ல போட்டுக்கோ. காலையில போன் பண்ணு.

பச்சைகோல்ஃப்:

முடிஞ்சுது. வேற டைனோ, வேற ட்யூனர், ஆனா காரணியை 1.00ன்னு போடச் சொல்லி நானே பக்கத்துல நின்னேன்.

பூஸ்டைத் தொடாம, ஓஸும் வால்வும் பிளக்கும் மாத்தி, இன்டர்கூலரைக் கழுவினதோட: 124, 123, 122. கேஜ் அதே 0.82தான், ஆனா முன்னாடி இருந்ததை விட 300 ஆர்பிஎம் சீக்கிரமா அங்க வந்து நிக்குது. 020ல பெரிசு மூணாவது சிலிண்டர், 3.0.

அப்புறம் ஏத்தினோம். 0.87ல 126. 0.92ல 129, டார்க் 283, மூணாவது சிலிண்டர் 3.8. 0.97ல 130தான், மூணாவது 5.2 தொட்டுச்சு. ட்யூனர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், 0.92க்கே திரும்பி வந்தாச்சு. லாம்டா 0.83.

நேத்து சாயங்காலம் அம்மாவை மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வரும்போது மேட்டுல மூணாவது கியர்ல லேசா மிதிச்சேன். "மெதுவாப்பா"ன்னாங்க. அது போதும் எனக்கு.

கிரீஸ்கை:

சந்தோஷம் தம்பி. 0.92 அந்த வண்டிக்கு அழகா பொருந்தற இடம்.

ஆனா மேல போய் உன் பதிலையெல்லாம் திரும்பப் படிச்சேன். நாலு கேட்டேன், மூணுக்குப் பதில் வந்திருக்கு. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது?